மூளைக்கு ரத்தம் போவதைக் காட்டும் குமிழ்கள்

பிறந்த குழந்தையின் தலையைத் தடவிப் பார்த்தால் உச்சியில் ஓரிடம் மெத்தென்று இருக்கும். எலும்புகள் இன்னும் கூடாத உச்சிக்குழி அது. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒன்றரை வயதுக்குள் மூடிவிடும். அதுவரை அல்ட்ராசவுண்ட் ஒலி அதன் வழியே தடையின்றி மூளைக்குள் போய்வரலாம். ரத்தக்கசிவு, நீர் கோத்தல் போன்றவற்றைச் சாதாரண ஸ்கேனிலேயே பார்த்துவிடுவார்கள்.

பிரசவத்தில் மூச்சுத்திணறிய குழந்தைக்கு அது போதாது. மூளையின் எந்தப் பகுதிக்கு ரத்தம் குறைந்திருக்கிறது என்று தெரிய வேண்டும். ரத்த அணுக்கள் ஒலியை மிக மெலிதாகவே திருப்பி அனுப்புகின்றன. பெரிய நாளங்களின் ஓட்டத்தை டாப்ளர் ஸ்கேன் காட்டிவிடும். நுண்நாளங்களில் மெல்ல ஊரும் ரத்தம் அதற்கு எட்டுவதில்லை.

அந்த ஓட்டத்தைக் காட்டத்தான் ரத்தத்தில் செலுத்தும் நுண்குமிழ்கள். சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளோரைடு போன்ற ஒரு வாயு, அதைச் சுற்றி மெல்லிய கொழுப்பு உறை. பெரும்பாலானவை 2, 3 மைக்ரான் அளவுதான். சிவப்பணுவே 7 மைக்ரானுக்கு மேல். அதனால் சிவப்பணு போகும் இடமெல்லாம் இவையும் போகும், நாளத்தை விட்டு வெளியே கசியாது. சில நிமிடங்களில் உறை கரைந்து, வாயு மூச்சோடு வெளியேறிவிடும். சிறுநீரகத்துக்குச் சுமை இல்லை. கதிர்வீச்சும் இல்லை.

ஒலி படும்போது குமிழ் நொடிக்குப் பல லட்சம் முறை சுருங்கி விரிகிறது. விரிவதும் சுருங்குவதும் ஒரே அளவில் இராததால், அனுப்பிய அதிர்வெண்ணோடு அதன் மடங்குகளும் எதிரொலியில் கலந்து வரும். மென்மையான ஒலிக்குத் திசு அப்படிப் பதில் தருவதில்லை. ஓர் அலையையும் அதைத் தலைகீழாக்கிய அலையையும் அடுத்தடுத்து அனுப்பி, இரண்டின் எதிரொலிகளையும் கூட்டினால் திசுவின் குரல் அழிந்து குமிழின் குரல் மட்டும் மிஞ்சும். மிக அழகான உத்தி இது. ஒலியைக் கூட்டினால் குமிழ்கள் உடைந்துவிடும் என்பதால் கை அடக்கம் வேண்டும். குமிழ்கள் ஒலியில் பளிச்சிடும் என்பதை அமெரிக்காவில் ரேமண்ட் கிராமியாக், பிரவின் ஷா இருவரும் இதயத்தில் கண்டு எழுதியது 1968-இல்.

பெரியவர்களுக்கு மண்டை ஓடு தடை. ஒலியை விழுங்கும், மிஞ்சியதையும் கோணலாக்கும். நெற்றிப்பொட்டில் எலும்பு மெல்லியது; அங்கும் சிலருக்கு ஒலி நுழையாது. மண்டை ஓட்டைத் திறந்து செய்யும் கட்டி அறுவையில் அந்தத் தடை இல்லை. கட்டிக்குள் ரத்தம் பாயும் விதத்தை அறுவை அறையிலேயே பார்க்கிறார்கள்.

பாரிஸில் மிக்கேல் டான்டர் குழுவினர் இன்னொரு வழி கண்டார்கள். இரவில் மலைப்பாதை கண்ணுக்குத் தெரியாது. வண்டி விளக்குகளைத் தொடர்ந்து குறித்துவந்தால் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவையும் வரைந்துவிடலாம். அதேபோல ஒவ்வொரு குமிழின் மையத்தையும் கணித்து, லட்சக்கணக்கான தடங்களைச் சேர்த்தார்கள். 2015-இல் எலியின் மூளை நாளங்கள் படமாயின. 2021-இல் மனிதர்களிடம், நெற்றிப்பொட்டு வழியாகவே, 25 மைக்ரான் வரை நுணுக்கம் கிடைத்தது. ஒரு நோயாளியின் மூளைக்குள் ஆழத்தில் இருந்த நாள வீக்கத்தில் ரத்தம் சுழல்வதையும் கண்டார்கள்.

எம்.ஆர்.ஐ. ஒரே தடவையில் மூளை முழுவதையும் காட்டும். குமிழ் ஸ்கேன் அதற்கு மாற்று ஆகாது. ஆனால் வென்டிலேட்டரில் கிடக்கும் பச்சைக் குழந்தையை எம்.ஆர்.ஐ. அறைவரை கொண்டுபோவதே ஆபத்து. அங்கே படுக்கையருகே உருட்டிவரக்கூடிய இந்தக் கருவிக்குத்தான் முதல் இடம் தர வேண்டும்.