தொட்டி நிரம்பும் சத்தம்

குரோம்பேட்டை வீட்டில் மொட்டைமாடித் தொட்டி நிரம்புவதை அம்மா காதால்தான் கண்டுபிடிப்பார். மோட்டார் போட்டதும் வெறும் தொட்டிக்குள் தண்ணீர் தடதடவென்று விழும். பாதி ஏறியதும் சத்தம் அடங்கும். வாய்க்குக் கிட்டே வரும்போது மெலிந்து, கூர்மையாகி, சுருதி ஏறும். தெருக்குழாயில் குடம் பிடித்தவர்கள் எல்லோருக்கும் அந்தச் சுருதி தெரியும். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும், ரேடியோவில் மாநிலச் செய்தி ஓடிக்கொண்டிருக்கும். கரண்டியோடு நிற்கும் அம்மாவின் தலை மட்டும் ஒரு பக்கமாகச் சாயும். "மோட்டார நிறுத்துடா, வழியப் போவுது." ஓடிப்போய் ஸ்டார்ட்டரை அணைத்தால், வழிகுழாயில் நாலு சொட்டு விழுந்து நின்றுவிடும்.

காது தவறினால் இரண்டு விதமான நஷ்டம். மேலே வழிந்தால் தண்ணீர் போகும். கீழே சம்ப் வற்றியது தெரியாமல் மோட்டார் ஓடினால் வைண்டிங் எரியும். கழற்றி எடுத்துப் போய்க் காயில் கட்டிவர ஒரு வாரம். அந்த ஒரு வாரமும் கீழிருந்து மாடிக்கு வாளி வாளியாகத் தூக்க வேண்டியவரும் அம்மாதான். அதனால் அவருடைய காதுக்கு ஓய்வே இருந்ததில்லை. அதை ஒரு வேலை என்று வீட்டில் யாரும் நினைத்ததும் இல்லை, நான் உட்பட.

குடிக்கும் தண்ணீர் கதை வேறு. ஊரின் பெயரே குரோம் தோல் தொழிற்சாலையால் வந்தது. பல்லாவரம் வட்டாரத்துத் தோல் பதனிடும் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்த கதையை அங்கே வாழ்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கிணற்றுத் தண்ணீர் துவைக்கக் குளிக்க, லாரித் தண்ணீர் சமைக்கக் குடிக்க. லாரி எப்போது வரும் என்று எவருக்கும் தெரியாது. 1993 பஞ்சத்தில் தெருமுனையில் குடங்கள் இரவிலிருந்தே வரிசையில் நிற்கும். ஒவ்வொரு குடத்தின் கழுத்திலும் அடையாளத்துக்கு ஒரு கலர் துணி. எங்களுடையது சிவப்பு.

அப்பா கோட்டைப் பக்கம் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளராக இருந்தார். மின்சார ரயிலில் போய் இறங்கி, பத்து மணிக்கு வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். பத்து பத்துக்குப் பதிவேடு உள்ளறைக்குப் போய்விடும். அதற்குப் பிறகு வருகிறவரின் கட்டத்தில் சிவப்பு மை. சில சிவப்புகள் சேர்ந்தால் தற்செயல் விடுப்பில் கழியும். லாரி காலை எட்டரைக்கு வந்த நாட்களில் அப்பாவுக்குச் சிவப்பு விழ வேண்டியதுதான்.

ஆனால் அங்கே கண்காணிப்பு என்றால் அது ஓர் ஆள். பதவியின் பெயரே கண்காணிப்பாளர். அவர் வீட்டுக்கும் லாரித் தண்ணீர்தான். அப்பா வியர்த்து வழிய வாசலில் நிற்பதைப் பார்த்து, "லாரி வந்துச்சா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பதிவேட்டை அப்பா பக்கம் தள்ளிவைப்பாராம். அப்பா இதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். அதே கண்காணிப்பாளர் வேறு சிலரிடம் ஒரு நிமிடம்கூட விட்டுக்கொடுக்க மாட்டார் என்பதையும் சொல்லியிருக்கிறார். யாருக்குக் கருணை, யாருக்குச் சிவப்பு என்பது ஆளைப் பொறுத்தது, சில சமயம் ஆளின் சாதியையும் பொறுத்தது. பழைய காலத்தை அப்படியே தூக்கிவைத்துக் கொண்டாட என்னால் முடியாததற்கு அதுதான் காரணம்.

ஒன்று மட்டும் உண்மை. மாலை ஐந்தே முக்காலுக்கு அப்பா படியிறங்கினால் அலுவலகம் அங்கேயே நின்றுவிடும். வீட்டில் தொலைபேசி கிடையாது. அவசரத்துக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு பி.பி. நம்பர் இருந்தது. அலுவலகத்திலிருந்து அந்த நம்பருக்கு ஒரே ஒருமுறைதான் அழைப்பு வந்தது, ஒரு சாவுச் செய்தி சொல்ல.

நான் கணினி வேலைக்குப் போனேன். 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என நான்கு ஏரிகளும் வறண்டபோது என் அலுவலகம் பழைய மாமல்லபுரம் சாலையில் இருந்தது. அந்தச் சாலையில் பல நிறுவனங்கள், கழிப்பறைக்குத் தண்ணீர் இல்லாமல், ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னன. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் சுமார் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. மாநகரமே எத்தனை லிட்டர் என்று கணக்குப் பார்க்கத் தொடங்கிய கோடை அது. எங்கள் தொட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, அம்மாவுக்குத்தான் தெரியும் என்பது அப்போதுதான் உறைத்தது. அப்பா போய்விட்டிருந்தார். அம்மாவுக்கும் காது மந்தமாகத் தொடங்கியிருந்தது.

மின்னணுச் சாமான் விற்கும் ரிச்சி தெருவுக்குப் போனேன். ஷாங்காயின் எஸ்பிரெசிஃப் நிறுவனம் 2014-இல் கொண்டுவந்த இ.எஸ்.பி. 8266 என்ற சில்லு, வைஃபையோடு சேர்ந்து, கட்டைவிரல் அகலப் பலகையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைத்தது. கூடவே ஒரு மீயொலி உணரி. வௌவால் செய்வதைத்தான் இதுவும் செய்கிறது. தொட்டியின் மூடியிலிருந்து, நம் காதுக்கு எட்டாத 40,000 ஹெர்ட்ஸ் ஒலியைக் கீழே அனுப்பி, நீர்ப்பரப்பில் பட்டு எதிரொலி திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்று அளக்கிறது. நேரம் தெரிந்தால் தூரம் தெரியும், தூரம் தெரிந்தால் நீர்மட்டம் தெரியும். அம்மா இத்தனை வருடம் செய்ததும் ஒலியைக் கேட்டு மட்டம் அறிவதுதான்.

எளிது என்று நினைத்தேன். தொட்டி பாடம் நடத்தியது. நான் வாங்கிய உணரிக்கு இருபது சென்டிமீட்டருக்கும் நெருக்கமாக இருக்கும் எதுவும் தெரியாது. தொட்டி நிரம்பித் தண்ணீர் கிட்டே வந்ததும் வாய்க்கு வந்த எண்ணைக் காட்டியது. மூடியில் துளையிட்டு, ஒரு பி.வி.சி. குழாய்த் துண்டைச் செருகி, உணரியை அதன் தலையில் உயர்த்தி உட்காரவைத்த பிறகுதான் சரியானது. அடுத்தது வெயில். 20 டிகிரியில் ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகும். மே மாதத் தொட்டிக்குள் 40 டிகிரி இருந்தால் அது 355 ஆகிவிடும். ஒரு மீட்டர் ஆழத்தில் மூன்றரை சென்டிமீட்டர் பிசகு, எங்கள் ஆயிரம் லிட்டர் தொட்டியில் அது இரண்டு வாளித் தண்ணீர். அதற்காக வெப்பம் அளக்கும் இன்னொரு சிறு பொருளையும் சேர்த்தேன். பிறகு ஆவி. விடிகாலையில் உணரியின் முகத்தில் நீர்முத்து கோத்துக்கொண்டு, தொட்டி நிறைந்திருப்பதாகச் சொல்லும்.

ஒருநாள் அப்படித்தான். என் கைபேசி 92 சதவீதம் என்றது. அம்மா ஃபோன் செய்தார். "தண்ணி இல்லப்பா."

"இருக்கும்மா, தொண்ணூத்தி ரெண்டு காட்டுது."

"கொழாயில நூலா வருது. ஒன் மெஷினுக்கு என்ன தெரியும்?"

அவர் சொன்னதுதான் சரி. அதையும் திருத்தினேன். இப்போது சம்பில் தண்ணீர் இருந்தால் மட்டும் மோட்டார் ஓடும், மேலே நிரம்பினால் தானே நிற்கும். வைண்டிங் எரிந்து வருடங்கள் ஆகின்றன. அதைவிட முக்கியமானது ஒன்று. அம்மா மத்தியானத்தில் தூங்குகிறார். மோட்டார் ஓடும்போது அவர் தூங்கி நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

இந்த மாதிரி வேலைகளின் மூதாதை ஒரு காபிப் பாத்திரம். 1991-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தில் டிரோஜன் அறைக்கு வெளியே ஒரே ஒரு காபி வடிகலன். வேறு மாடியிலிருந்து படியேறி வந்தால் பாத்திரம் காலியாக இருக்கும். குவென்டின் ஸ்டாஃபோர்ட்-ஃபிரேசரும் பால் ஜார்டெட்ஸ்கியும் அதன் எதிரே ஒரு கேமராவை நிறுத்தி, 128-க்கு 128 புள்ளி கொண்ட கறுப்பு வெள்ளைப் படத்தை எல்லோர் கணினியிலும் தெரியவைத்தார்கள். 1993-இல் அது இணையத்துக்கு வந்து உலகின் முதல் வெப்கேமரா ஆனது. 2001 ஆகஸ்ட் 22 அன்று அணைக்கப்பட்டது. எனக்கு இந்தக் கதையில் பிடித்தது, கேமரா பாத்திரத்தை மட்டும் பார்த்தது என்பதுதான். பார்த்தவர்களும் காபி குடிக்கிறவர்களே. யார் ஊற்றிக்கொண்டார்கள், எத்தனை முறை எழுந்து போனார்கள் என்று கேட்க யாரும் அதை வைக்கவில்லை.

என் அலுவலகத்தில் அந்தக் கேமரா ஆட்கள் பக்கம் திரும்பிவிட்டது. முதலில் விரல் ரேகை வந்தது. அரசு அலுவலகங்களிலும் 2014-இல் ஆதார் வழி வருகைப்பதிவைத் தொடங்கினார்கள். அதில் எனக்குக் குறையில்லை. விரலுக்குச் சாதி தெரியாது, வேண்டியவர் வேண்டாதவர் தெரியாது. அப்பாவின் கண்காணிப்பாளரைவிட அந்த ஒரு விஷயத்தில் அது நியாயமானது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து, அலுவலகம் வீட்டுக்குள் நுழைந்த பிறகு வந்ததுதான் பச்சைப் புள்ளி. என் பெயருக்குப் பக்கத்தில் பச்சை எரிந்தால் நான் வேலையில் இருக்கிறேன். ஐந்து நிமிடம் சுட்டியை அசைக்காவிட்டால் மஞ்சள். ஒரு சிக்கலைக் காகிதத்தில் கோடு போட்டு யோசித்தால் மஞ்சள். அம்மாவிடம் பேசினால் மஞ்சள். எனக்குத் தெரிந்த ஒருவர், முள் ஓடும் கைக்கடிகாரத்தின் மேல் சுட்டியை வைத்துவிட்டுச் சாப்பிடப் போவார். நொடிமுள் நகர நகரப் புள்ளி பச்சையாகவே இருக்கும். 2024-இல் அமெரிக்காவின் வெல்ஸ் பார்கோ வங்கி, விசைப்பலகை இயங்குவதுபோலப் போலியாகக் காட்டியதற்காக ஒரு டஜனுக்கும் மேற்பட்டவர்களை நீக்கியது. அவர்கள் செய்தது பொய்தான். ஆனால் அசைவை வேலை என்று எண்ணிய அளவுகோலிலேயே முதல் பொய் இருக்கிறது. முந்நூறு ரூபாய் உணரியின் பிசகைத் திருத்த நான் ஒரு மாதம் செலவழித்தேன். மனிதரை அளக்கும் கருவியின் பிசகைத் திருத்த ஒரு மேலாளராவது ஒரு மணி நேரம் ஒதுக்கிப் பார்த்ததில்லை.

அப்பாவின் ஐந்தே முக்கால் எனக்கு இல்லை. இரவு பத்தரைக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு வரி வரும். பதில் போடாமல் இருக்கலாம், ஆனால் நான் படித்துவிட்டேன் என்பது அங்கே தெரிந்துவிடும். பிரான்ஸில் 2017 ஜனவரி 1 முதல், வேலை நேரம் முடிந்தபின் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் முதல். நம் ஊரிலும் வர வேண்டும். இதைக் கோரிக்கையாகவே எழுதுகிறேன்.

இவ்வளவும் தெரிந்த நான்தான் 2021-இல் குரோம்பேட்டை வீட்டுக் கூடத்தில் ஒரு கேமராவை மாட்டினேன். அம்மா குளியலறையில் ஒருமுறை வழுக்கி விழுந்துவிட்டார், கையில் வீக்கத்தோடு போயிற்று. அமெரிக்காவில் இருக்கும் அண்ணனுக்குப் பயம். எனக்கும்தான், நான் குடியிருக்கும் நாவலூரிலிருந்து அங்கே போய்ச் சேரப் போக்குவரத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மாட்டும்போது அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் கவனித்தேன். கைபேசியில் தெரியும் கூடம் எப்போதும் காலி. மத்தியானம் பாயைப் போட்டுப் படுக்கும் இடத்தில் பாய் இல்லை. சாப்பாட்டுத் தட்டு சமையலறைக்குப் போய்விட்டது. வீட்டில் நைட்டியோடு இருப்பவர் புடவை கட்டி, தலை வாரி, விருந்தாளிபோல் கூடத்தைக் கடந்து போனார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் போனேன். கேமராவின் மேல் அப்பாவின் பழைய துண்டு கிடந்தது.

"நீங்க பாத்துட்டே இருக்கீங்கன்னு செத்த சாயக்கூட முடியலப்பா."

கோபமாகச் சொல்லவில்லை. நின்று பேசிய ஐந்து நிமிடத்தில் என் சட்டைப்பையில் கைபேசி இரண்டு முறை அதிர்ந்தது. என் புள்ளி மஞ்சளாகியிருக்கும் என்று நினைத்தேன், பிறகு ஸ்டூலைப் போட்டுக் கேமராவைக் கழற்றினேன். குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி அடித்தோம், தரையில் வழுக்காத விரிப்பு போட்டோம். முதலில் செய்திருக்க வேண்டியது அதுதான்.

அண்ணனுக்கு மனம் ஒப்பவில்லை. வழி சொன்னது அம்மாதான். "மேல இருக்கே அந்த மெஷினு, அது தண்ணியதான பாக்குது? அது இருக்கட்டும். காலைல தண்ணி எறங்கினா நான் எந்திரிச்சிட்டேன்னு தெரிஞ்சுக்குங்க. எறங்கலன்னா பக்கத்து வீட்டுக்கு ஃபோன் போடு."

அண்ணனுக்கு அப்போது மாலை. அவரும் பார்க்கிறார். இன்று காலை 5.40-க்கு மூன்று சென்டிமீட்டர் இறங்கியது. இரண்டு வாளி.