சொல்லும் சுவடும் – 12: அபராஜிதனும் அதிரணசண்டனும்

ஆங்கிலத்தின் மிக நீண்ட சொற்களில் ஒன்று ஆன்டிடிஸ்எஸ்டாப்ளிஷ்மென்டேரியனிசம். 28 எழுத்துகள். பிரித்துப் பார்த்தால் பூதம் மறைந்துவிடும்: ஆன்டி என்றால் எதிர்ப்பு, டிஸ் என்றால் நீக்கம், நடுவில் நிறுவுதல், கடைசியில் கொள்கை. அரசின் திருச்சபை என்ற தகுதியை அந்தச் சபையிடமிருந்து பறிக்கக் கூடாது என்போரின் கொள்கை, அவ்வளவுதான். இதை வைத்து ஒரு குறுக்குவழி சொல்வார்கள்: ஒரே எழுத்துகளில் தொடங்கும் நீண்ட சொற்களைத் திரட்டி, ஒன்றின் பொருளை அறிந்தால் மற்றவையும் விளங்கும் என்று. இது பாதி உண்மை. இன்விசிபிள், கண்ணுக்குத் தெரியாதது, இன்ஃபினிட், முடிவில்லாதது. ஆக ‘இன்’ என்றால் இல்லை என்று மனப்பாடம் செய்தவர், செங்கல்பட்டைத் தாண்டி ஜி.எஸ்.டி. சாலையில் போகும் பெட்ரோல் டேங்கரின் முதுகில் இன்ஃபிளேமபிள் என்று படித்தால் ‘தீப்பற்றாதது’ என்றல்லவா நினைப்பார்? பொருளோ நேர்மாறு, எளிதில் பற்றிக்கொள்ளக்கூடியது. அந்த ‘இன்’ மறுப்பு அன்று, உட்புகுதலைக் குறிக்கும் வேறொரு லத்தீன் ஒட்டு. எழுத்து ஒன்றாக இருப்பது உறவுக்குச் சான்றாகாது. பிரித்தால் கிடைக்கும் துண்டு ஒன்றாக இருந்தால்தான் உறவு.

இந்தப் பாடத்தைப் படிக்க லண்டன் அகராதி வேண்டாம், மாமல்லபுரம் கடற்கரையின் பல்லவக் கல்வெட்டுகளே போதும். பல்லவ மன்னர்களுக்கு விருதுப்பெயர்களில் தீராத ஆசை. காஞ்சி கயிலாசநாதர் கோயிலின் சுற்றுச் சிற்றாலயங்களில் ராஜசிம்மனின் பட்டங்கள் மட்டும் இருநூறுக்கு மேல். அவற்றில் ‘அ’வில் தொடங்கும் சிலவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்போம். அபராஜிதன், தோற்காதவன். அகுதோபயன், எந்தத் திசையிலிருந்தும் அச்சமில்லாதவன். இரண்டிலும் ‘அ’ மறுப்பு. அதே கணக்கில் அதிரணசண்டனையும் அத்யந்தகாமனையும் படித்தால் கவிழ்ந்துபோவோம். அங்கே இருப்பது ‘அ’ அன்று, மிகுதியைச் சொல்லும் ‘அதி’. முன்னவன் போரில் மிகக் கடுமையானவன். பின்னவன் எல்லை கடந்த விருப்பங்கள் உடையவன். ‘ஸ்ரீ’யும் இப்படித்தான். தர்மராஜ ரதத்தில் ஸ்ரீபரன், ஸ்ரீமேகன், ஸ்ரீநிதி என்ற பட்டங்கள் உள்ளன. அந்த ஸ்ரீ நாம் கல்யாணப் பத்திரிகையில் போடும் மரியாதை அடைதானா? கயிலாசநாதர் கோயில் விடை சொல்கிறது. அங்கே ஒவ்வொரு பட்டத்துக்கும் முன்னால் ஒரு ஸ்ரீ உண்டு. ஸ்ரீபரன் வரும் இடத்தில் ஸ்ரீஸ்ரீபரன் என்று இரண்டு ஸ்ரீ. முதலாவது மரியாதை, இரண்டாவது பெயருக்குள்ளேயே இருக்கும் திருமகள்.

எழுத்து ஒத்து, பொருள் மாறுவது ஒரு பக்கம். எழுத்து மாறி, பொருள் ஒப்பது மறுபக்கம். மாமல்லபுரத்துக்கு வடக்கே சாளுவன்குப்பத்தில் உள்ள அதிரணசண்டன் குடைவரையில் ஒரு சுவரில் பல்லவ கிரந்தத்திலும் எதிர்ச்சுவரில் நாகரியிலும் மன்னன் புகழ் வெட்டப்பட்டிருக்கிறது. ரணஜயன், சமரதனஞ்சயன், சங்கிராமதீரன் என்று பட்டங்கள் வருகின்றன. ரணம், சமரம், சங்கிராமம் மூன்றும் போர்தான். சொல் அலுக்காமல் பொருளை மட்டும் திரும்பச் சொல்லும் கவித்தொழில் இது. இன்னும் சுவையானது ‘மல்லன்’ வரிசை. முதலாம் மகேந்திரவர்மன் சத்துருமல்லன், பகைவர்க்கு மல்லன். அவன் மகன் மாமல்லன். ராஜசிம்மனோ அமித்திரமல்லன், மித்திரன் அல்லாதவனுக்கு, அதாவது பகைவனுக்கு மல்லன். எள்ளுத்தாத்தாவின் பட்டத்தையே வேறு எழுத்துகளில் எள்ளுப்பேரன் சூடிக்கொண்டான்.

இதெல்லாம் வெறும் அரசவைத் தற்புகழ்ச்சி, வரலாற்றுக்கு என்ன பயன் என்று கேட்கலாம். புகழ்ச்சிதான், மறுக்கவில்லை. ஆனால் மாமல்லபுரத்தை உருவாக்கியவர் யார் என்ற பெரிய விவாதமே இந்தப் பட்டங்களைச் சுற்றித்தான் நடந்தது. தர்மராஜ ரதம், கணேச ரதம், தர்மராஜ மண்டபம் மூன்றிலும் ‘அத்யந்தகாம பல்லவேசுவர கிருகம்’ என்ற பெயர் இருக்கிறது. அத்யந்தகாமன் ராஜசிம்மனின் பட்டம் என்பது காஞ்சியில் தெளிவு. 1962இல் தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி, மாமல்லபுரச் சின்னங்கள் அனைத்தும் ராஜசிம்மன் படைப்பே என்று வாதிட்டபோது, பட்டங்களின் ஒற்றுமை அவருக்கு வலுவான சான்று. அத்யந்தகாமன் என்பது ராஜசிம்மனின் தந்தை பரமேசுவரவர்மனே என்பாரும் உண்டு. பட்டம் குடும்பச் சொத்து என்று ஒப்புக்கொண்டால், அது வம்சத்தைக் காட்டுமே தவிர ஆளைக் காட்டாது. தர்மராஜ ரதத்தில் ‘நரசிம்மன்’ என்ற பெயரும் இருக்கிறது. அதுவும் உதவாது, ஏனெனில் மாமல்லன் முதலாம் நரசிம்மவர்மன், ராஜசிம்மன் இரண்டாம் நரசிம்மவர்மன். அந்த ரதத்தின் பட்டங்களில் பெரும்பாலானவை பழைய வடிவ எழுத்திலும், மேல்தளத்தில் உள்ள பல்லவேசுவரப் பெயர் பிற்கால வடிவிலும் இருப்பதுதான் கூடுதல் எடையுள்ள சான்று. ஒருவர் தொடங்கியதில் பின்வந்தவர் பெயர் பொறித்தார் என்ற முடிவுக்கே அது இட்டுச்செல்கிறது.

வடமொழிப் பட்டங்களைப் பிரிப்பது தமிழ் வாசகருக்கு எதற்கு என்பது அடுத்த கேள்வி. செங்கல்பட்டுக்கு அருகே, திருக்கழுக்குன்றம் சாலையில் வல்லம் இருக்கிறது. அங்குள்ள மகேந்திரன் காலக் குடைவரையைச் செய்வித்தவன் கந்தசேனன். அதன் கல்வெட்டு, தமிழ் எழுத்தில், தமிழ் நாவுக்கு இசைய, சத்துருமல்லனைச் ‘சத்துரும்மல்லன்’ என்றும் மகேந்திரனை ‘மயேந்திரன்’ என்றும் எழுதியிருக்கிறது. கூடவே ‘பகாப்பிடுகு’ என்றொரு பட்டம். பிடுகு என்றால் இடி, தெலுங்கில் இன்றும் வழங்கும் சொல்; பிளக்க முடியாத இடி என்பது பொருள். பகுபதம், பகாப்பதம் என்று நன்னூல் கற்பிக்கும் அதே ‘பகா’தான் இது. பகாப்பிடுகையும் பகுத்தால்தான் பொருள் கிடைக்கிறது. நீண்ட சொல் எந்த மொழியில் வந்தாலும் முதலெழுத்தைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். மூட்டு எங்கே என்று தேடுங்கள்.

(தொடரும்)