‘ஏனையவை’க்குள் சிக்கிக்கொண்ட கூலி: கூட்டத்துக்கு முன் நிகழ்ச்சி நிரலைத் திட்டமிடுவது எப்படி?

வன்னியில் ஒரு கிராமத்தின் பொதுநோக்கு மண்டபம். பனையோலைக் கைப்பணிப் பொருட்கள் செய்யும் பெண்களின் மாதாந்தக் கூட்டம். பத்து மணிக்கு என்று அறிவித்திருந்தார்கள். அழைக்கப்பட்டிருந்த உத்தியோகத்தர் வந்துசேர 10.45 ஆகிவிட்டது. மௌன அஞ்சலி, வரவேற்புரை, கடந்த கூட்டறிக்கை, பொருளாளர் அறிக்கை, திணைக்களக் கடிதங்கள் வாசிப்பு, விருந்தினர் உரை என்று போய்க்கொண்டிருந்தது. 12.15 மணிக்குப் பின்வரிசையிலிருந்த பெண்கள் ஒவ்வொருவராக எழும்பத் தொடங்கினார்கள். 12.30 பஸ்ஸை விட்டால் அடுத்தது மூன்று மணிக்குத்தான். அதற்குள் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால் வந்துவிடுவார்கள்.

அவர்களில் பலர் அன்று வந்ததே இரண்டு மாதமாகக் கிடைக்காத கூலியைப் பற்றிக் கேட்கத்தான். அந்த விடயம் நிகழ்ச்சி நிரலில் கடைசிக்கு முதல் வரியில், ‘ஏனையவை’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இருந்தது. அந்த வரிக்குக் கூட்டம் வந்தபோது மண்டபத்தில் ஏழு பேர் மிஞ்சியிருந்தோம், செய்தி சேகரிக்கப் போன என்னையும் சேர்த்து.

யாரும் திட்டமிட்டு அதைப் பின்னால் தள்ளவில்லை. செயலாளர் பழைய கொப்பியைப் பார்த்து அதே வரிசையில் எழுதியிருந்தார். எங்களுடைய சங்கங்கள், கூட்டுறவுகள், தொண்டு நிறுவனங்கள், அரச அலுவலகங்கள் என்று எங்கு போனாலும் பெரும்பாலும் இதே வரிசைதான். அது சடங்கின் வரிசை. வேலையின் வரிசை வேறு.

கணக்கைப் பாருங்கள். 18 பேர் இரண்டரை மணித்தியாலம் உட்கார்ந்திருந்தால் 45 மணித்தியால உழைப்பு. ஒருவருடைய ஐந்தரை நாள் வேலைக்கும் மேல். நாட்கூலியை விட்டு வருகிறவர்களுக்கு இதில் பஸ் காசும் சேரும். இவ்வளவு விலை கொடுத்து நடத்தும் கூட்டத்தில் எதைத் தீர்மானிக்கப் போகிறோம் என்று முதல்நாள் இரவு ஐந்து நிமிடத்தில் எழுதிக்கொள்வது போதுமா?

நிகழ்ச்சி நிரலை எழுத உட்காரும்போது முதலில் கேட்க வேண்டியது, இந்தக் கூட்டம் முடியும்போது எது முடிவாகியிருக்க வேண்டும் என்பதை. அதற்குப் பதில் இல்லையென்றால் கூட்டமே தேவையில்லாமல் இருக்கலாம். அறிவித்தல்களை மட்டும் சொல்வதற்கு ஒரு வட்ஸ்அப் குரல்பதிவு போதும்.

அடுத்தது, ஒவ்வொரு விடயத்தையும் கேள்வியாக எழுதுவது. ‘கூலி’ என்று எழுதினால் ஒருவர் போன வருடக் கதையைத் தொடங்குவார், இன்னொருவர் பக்கத்துச் சங்கத்தின் கதையைச் சொல்வார். ‘நிலுவைக் கூலியை எந்தத் திகதிக்குள், எந்தக் கணக்கிலிருந்து கொடுப்பது?’ என்று எழுதினால் கதை அந்தக் கேள்வியைச் சுற்றியே நடக்கும். பதில் கிடைத்ததா இல்லையா என்பதும் எல்லோருக்கும் தெரியும். பொருளாளரும் வங்கிப் புத்தகத்தோடு வர வேண்டியிருக்கும்.

மேலே சொன்ன சங்கத்தின் கூட்டத்தை இப்படித் திட்டமிட்டிருக்கலாம். 10.00க்குத் தொடங்கி, கடந்த மாதத் தீர்மானங்களில் எவை நடந்தன, எவை நடக்கவில்லை என்பதற்கு 10 நிமிடம். நிலுவைக் கூலிக்கு 30 நிமிடம். புதிய ஓடரை ஏற்பதா என்பதற்கு 25. சார்வோலையை யாரிடம் என்ன விலைக்கு வாங்குவது என்பதற்கு 20. அறிவித்தல்களுக்கு 5. மிச்சம் 15 நிமிடத்தில் உறுப்பினர்கள் எழுப்பும் விடயங்களும் எடுத்த தீர்மானங்களை உரத்து வாசிப்பதும். 11.45க்கு முடிந்துவிடும். பஸ்ஸுக்கு முக்கால் மணித்தியாலம் இருக்கும். முடியும் நேரத்தை பஸ் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுவதைச் சின்ன விடயமாக நினைக்க வேண்டாம். யார் கடைசிவரை இருக்கிறார்களோ அவர்கள்தான் தீர்மானிக்கிறார்கள்.

விருந்தினரை என்ன செய்வது? அவருக்கென்று ஒரு நேரம் குறித்துக் கொடுக்கலாம். அவர் பிந்தினால் கூட்டம் அடுத்த விடயத்துக்குப் போகட்டும். இதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் உத்தியோகத்தருக்காக 18 பெண்கள் முக்கால் மணித்தியாலம் காத்திருப்பதை நாங்கள் மரியாதைக் குறைவு என்று சொல்வதேயில்லை.

நிரலை மூன்று நான்கு நாட்களுக்கு முன்பே எல்லோருக்கும் அனுப்பி, ‘இதில் சேர்க்க வேண்டியது ஏதும் உண்டா?’ என்று கேட்பது மிக முக்கியம். கூட்டத்தில் எழும்பிப் பேசத் தயங்கும் பெண்கள் நிறையப் பேர். கணவரை இழந்தவர்கள், குடும்பத்தைத் தனியாகத் தாங்குகிறவர்கள், நுண்கடன் சிக்கலில் இருப்பவர்கள் தங்கள் பிரச்சினையைப் பொதுவில் முதலில் எடுக்க மாட்டார்கள். தலைவியின் காதில் முன்கூட்டியே சொன்னால் அது பெயர் இல்லாமல் ஒரு கேள்வியாக நிரலில் ஏறிவிடும். வாசிக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. சிங்களத்தில் மட்டும் வந்த கடிதம் இருந்தால் அதை முதலே மொழிபெயர்த்து வைக்க வேண்டும். 1987இன் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியானது. அப்படியிருந்தும் தனிச் சிங்களக் கடிதங்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. கூட்டத்தில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டத் தொடங்கினால் அரை மணித்தியாலம் போய்விடும்.

காணாமல் ஆக்கப்பட்டோர், காணி, இழப்பீடு போன்ற விடயங்கள் நிரலில் வரும்போது இன்னும் கவனம் வேண்டும். 2010இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, 2013இல் பரணகம ஆணைக்குழு, 2016இன் சட்டத்தால் உருவான காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் என்று எத்தனை இடத்தில் எங்கள் தாய்மார் அதே கதையைச் சொல்லிவிட்டார்கள். அங்கெல்லாம் யார், எத்தனை நிமிடம், எதைப் பற்றிப் பேசலாம் என்பதை வேறு யாரோ எழுதி வைத்திருந்தார்கள். எங்கள் சொந்தச் சங்கக் கூட்டத்திலும் ஒரு அம்மாவை எழுப்பி, விருந்தினர் கேட்பதற்காக இன்னொரு தடவை சொல்ல வைப்பது கொடுமை. ‘அடுத்து எந்த அலுவலகத்துக்கு என்ன கடிதம், யார் கொண்டுபோவது?’ என்று நிரலில் இருந்தால் அவர் அழத் தேவையில்லாமலே விடயம் ஓரடி நகரும்.

தீர்மானங்களை எழுதும்போது ‘நடவடிக்கை எடுக்கத் தீர்மானிக்கப்பட்டது’ என்ற வசனத்தை ஒழித்துவிட்டால் நல்லது. யார் எடுப்பது, எப்போது? ஆளின் பெயரும் திகதியும் இல்லாத தீர்மானம் அடுத்த மாதமும் அப்படியே வரும். இரண்டும் எழுதியிருந்தால் அடுத்த நிரலின் முதல் 10 நிமிடம் தானாகவே தயாராகிவிடும்.

இதே கேள்விகளைப் பெரிய கூட்டங்களிடமும் கேட்கலாம். வீதி, குளம், காணி போன்ற எங்கள் ஊர் விடயங்கள் பேசப்படும் பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தின் நிரல் மேசைக்கு அந்தப் பக்கத்தில்தான் தயாராகிறது. உங்கள் விடயத்தைக் கேள்வியாகச் சுருக்கி, ஒரு பக்கத்துக்கு மேற்படாமல், பிரதேச செயலாளருக்குக் கூட்டத்துக்கு முன்பே சங்கத்தின் கடிதத் தலைப்பில் கொடுக்கலாம். பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு என்ன நடந்தது என்று அறிய, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்தக் கூட்டறிக்கையைத் தகவல் அலுவலரிடம் கேட்கலாம். தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானிக்க வேண்டும். விண்ணப்பம் ஏற்றுக்கொள்ளப்பட்டதற்கான எழுத்துமூல உறுதிப்படுத்தலையும் கேட்டு வாங்கி, திகதி முத்திரையிட்ட பிரதியோடு அதே கோவையில் வையுங்கள்.