கதவில் ஓட்டை போட முன்: மறைபிணைச்சலுக்கு எந்த ஜிக்?

புதிதாக வீடெடுத்துக் குடிபுகுந்த எம்மவர் வீடுகளில் முதலில் பழுதாவது எது என்று கேட்டால், குசினி அலுமாரிக் கதவு என்றே நாம் சொல்வோம். மிளகாய்த்தூள், சரக்குத்தூள், பருப்பு, சீனி எல்லாம் ஒரே அலுமாரிக்குள். ஒரு நாளைக்கு அந்தக் கதவு எத்தனை தரம் திறந்து மூடப்படுகிறது என்று எண்ணிப் பாருங்கள். போதாததற்குச் சோற்றுப் பானையின் ஆவியும் அதன் மேலேயே போய்ப் படிகிறது. ஒரு நாள் கதவு சாயும். மறுநாள் பிணைச்சல் பலகையோடு பிய்ந்து கையில் வரும்.

ஊரில் என்றால் பித்தளைப் பிணைச்சல். உளியால் செதுக்கிப் பதித்து, நாலு ஆணியைத் திருகிவிட்டால் வேலை முடிந்தது. இங்கிலாந்தின் குசினிகளில் பெரும்பாலும் இருப்பதோ வெளியே தெரியாத மறைபிணைச்சல். கதவின் உட்புறத்தில் வட்டமான ஒரு குழிக்குள் அதன் கிண்ணம் புதைந்திருக்கும். அதிலிருந்து நீளும் கை, அலுமாரியின் பக்கப் பலகையிலுள்ள தட்டில் பூட்டப்பட்டிருக்கும். கிண்ணக் குழியின் குறுக்களவு 35 மில்லிமீற்றர். வேறு அளவுகளும் உண்டென்றாலும் குசினிக் கதவுகளில் நீங்கள் காணப்போவது அநேகமாக இதுதான். இந்தக் குழியை நேராகவும், சரியான ஆழத்திலும், விளிம்பிலிருந்து சரியான தூரத்திலும் துளைக்க உதவும் சிறு கருவியைத்தான் கடைகளில் ஜிக் என்கிறார்கள்.

எல்லோருக்கும் ஜிக் தேவையில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பழைய குழி நன்றாக இருந்து, ஆணி பிடிக்கும் இடம் மட்டும் உதிர்ந்து போயிருந்தால், அதற்கென்று வெட்டப்பட்ட மெல்லிய உருக்குத் தகடுகள் கடையில் கிடைக்கின்றன. அதை மேலே வைத்து, பழுதாகாத இடத்தில் புதிய ஆணிகளைத் திருகினால் போதும். துளையிட்டே விற்கப்படும் கதவுகளும் உண்டு. பழைய கதவின் அளவோடு பொருந்தினால் அதை வாங்குவதே புத்தி. துளையில்லாத புதுக்கதவு வாங்குபவர்களுக்கும், குசினி முழுவதற்கும் கதவு மாற்றுபவர்களுக்கும், தாமே அலுமாரி செய்து பார்க்க ஆசைப்படுபவர்களுக்குமே ஜிக் வேண்டும்.

நாம் அந்த இரண்டாவது கூட்டம். ஆறு கதவுகளை மாற்ற வேண்டியிருந்தது. ஆள் பிடித்தால் கதவின் விலையைவிடக் கூலி கூடவாக இருந்ததால், நாமே செய்யலாம் என்று துணிந்தோம். கையில் ஒரு ட்றில், 35 மில்லிமீற்றர் பிற் ஒன்று, பென்சில், அடிமட்டம். ஜிக்குக்குக் காசு செலவழிக்க மனம் வரவில்லை. முதற் கதவு ஒருமாதிரிச் சரிவந்தது. இரண்டாவதில் ட்றில் சற்றுச் சரிந்து குழி முட்டை வடிவமாயிற்று. மூன்றாவதில்தான் வினை. கதவின் தடிப்பு 16 மில்லிமீற்றர். பிணைச்சலுக்கு வேண்டிய ஆழம் 13. மிச்சம் 3 இருக்கிறதுதானே என்று நினைத்தோம். ஆனால் பிற்றின் நடுவில் ஒரு கூர்முனை முந்திக்கொண்டு நிற்கும், அதுவே இரண்டு மூன்று மில்லிமீற்றர் வரும் என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை. கொஞ்சம் கூட அழுத்தியதும், வெள்ளை வெளேரென்றிருந்த கதவின் முகப்பில் ஒரு சிறு முகப்பரு கிளம்பிற்று. அதை மறைக்க என்ன பூசினாலும் தெரிந்தது. அந்தக் கதவுக்குக் கொடுத்த காசில் ஜிக்கே வாங்கியிருக்கலாம்.

பக்கத்துத் தெருவில் இருக்கும், தச்சு வேலை தெரிந்த அண்ணை ஒருவர் வந்து பார்த்தார். சிரிக்கவில்லை, அதுவே பெரிய காரியம். “தம்பி, அளவைக் கதவிலையிருந்து எடுக்கப் போகாதை. முதல் பிணைச்சலைக் கையிலை எடுத்து அதை அளந்து பார். அதுக்குப் பிறகுதான் ஜிக்கைத் தேட வேணும்” என்றார். இக்கட்டுரையின் மிச்சம் பெரும்பாலும் அவர் சொல்லித் தந்ததும், பிறகு நாம் செய்து பார்த்ததும்தான்.

பிணைச்சலில் பார்க்க வேண்டியவை சில. கிண்ணத்தின் குறுக்களவையும் ஆழத்தையும் முதலில் அளவுங்கள். ஆழம் பொதுவாக 11.5 முதல் 13 மில்லிமீற்றர் வரை வரும். அடுத்து, கிண்ணத்தின் இரு புறமும் உள்ள ஆணித்துளைகள். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். எல்லாக் கம்பனிகளும் ஒரே இடத்தில் துளை விடுவதில்லை. 45/9.5 என்று ஒரு முறை, 48/6 என்று ஒரு முறை, 52/5.5 என்று இன்னொன்று. முதல் இலக்கம் இரண்டு ஆணிகளுக்கும் இடைப்பட்ட தூரம். இரண்டாவது இலக்கம், அந்த ஆணிகளின் கோடு கிண்ணத்தின் மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது. ஒஸ்திரியாவின் புளூம் கம்பனியின் பிணைச்சல்கள் 45/9.5 முறையிலானவை. (1952இல் தொடங்கிய இந்தக் கம்பனியின் முதற் பொருள் குதிரை லாடத்துக்கான ஆணியாம்.) உங்கள் பிணைச்சல் 48/6 ஆக இருக்க, ஜிக் 45/9.5 ஆணித்துளை மட்டும் காட்டினால், குழி சரியாக வரும். ஆணி சரியாக வராது. அப்படி வந்தால் ஜிக்கின் ஆணித்துளைகளை விட்டுவிட்டு, பிணைச்சலைக் குழியில் வைத்து, மூலைமட்டத்தால் நேர் பார்த்து, அதன் துளை வழியாகவே அடையாளமிடலாம். இரண்டு கதவுக்குப் பரவாயில்லை. இருபது கதவுக்குச் சலிப்புத்தான்.

ஆணி திருகாமல் தட்டிப் பொருத்தும் வகைப் பிணைச்சல்களும் உண்டு. அவற்றில் பலவற்றுக்கு இரு பக்கமும் 8 மில்லிமீற்றர் துளை வேண்டும். வாங்க முன் இதையும் பார்த்துவிடுங்கள்.

இனி விளிம்புத் தூரம். கதவின் விளிம்புக்கும் குழியின் விளிம்புக்கும் இடையே விடும் பலகை பெரும்பாலும் 3 முதல் 6 மில்லிமீற்றர். 5 விட்டால், குழியின் மையம் விளிம்பிலிருந்து 22.5 இல் விழும் (35இன் பாதி 17.5, அதோடு 5). இந்தத் தூரத்தை ஒரு மில்லிமீற்றர் கூட்டினால், கதவு அலுமாரிப் பலகையை ஒரு மில்லிமீற்றர் கூடுதலாக மூடும். பழைய கதவுக்குப் பதிலாகப் புதுக்கதவு போடுபவர்கள் வேறெதையும் யோசிக்க வேண்டாம். பழைய கதவில் அந்தத் தூரம் எவ்வளவோ அதையே புதிதிலும் விடுங்கள்.

கடைக்குப் போனால் மூன்று தரமான ஜிக்குகள் கண்ணில் படும். மலிவானது துளைகள் வெட்டிய வெறும் பிளாஸ்ரிக் தட்டு. இது எங்கே துளைப்பது என்று காட்டும். ட்றில் சரிவதையோ ஆழம் மீறுவதையோ தடுக்காது. எங்களுக்கு நடந்த விபத்தை இது தடுத்திருக்காது. ஆகவே இதை நாம் சிபாரிசு செய்ய மாட்டோம். அடுத்தது, பிற்றைத் தனக்குள்ளேயே நேராகப் பிடித்துக்கொள்ளும் சிறு பிளாஸ்ரிக் கூடு. அமெரிக்காவின் கிரெக் கம்பனியின் ஜிக் இந்த வகை. விளிம்புத் தூரத்தை மாற்றும் சிறு திருகுகளும், பிற்றில் மாட்டும் ஆழத் தடுப்பு வளையமும் இதில் உண்டு. வளையத்தைச் சரியாக இறுக்கிவிட்டால் நீங்கள் எவ்வளவு அழுத்தினாலும் பிற் கீழே போகாது. மூன்றாவது உலோகத்தாலானது. புளூமின் எக்கோட்றில் போன்றவை 35 மில்லிமீற்றர் குழியையும் பக்கத்துத் துளைகளையும் ஒரே பூட்டலில் துளைக்கும். விலை பல மடங்கு. குசினி பூட்டுவதையே தொழிலாக்க நினைப்பவருக்கு இது முதலீடு. வீட்டில் ஆறு கதவு மாற்றுபவருக்கு வீண் செலவு.

எனவே சாதாரணக் குடும்பத்துக்கு நடுவிலுள்ளதே போதும். அதை வாங்கும்போதும் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லிக் கேளுங்கள், வெட்கப்படாதீர்கள். ஆழத் தடுப்பு இருக்கிறதா? விளிம்புத் தூரம் மாற்ற முடியுமா? எந்த ஆணித்துளை முறை? கதவோடு சேர்த்துக் கிளாம்பால் பூட்ட இடம் உண்டா? பிற்றின் வெட்டும் வாய் காபைட் பதித்ததா? கடைசியானது முக்கியம், ஏனெனில் மெலமைன் பூசிய சிப்போட் சாதாரண உருக்குப் பிற்றைச் சீக்கிரம் மழுங்கடித்துவிடும். நாலைந்து குடும்பங்கள் பங்கு போட்டு ஒன்றை வாங்கிச் சுற்றிக்கொள்வதும் நல்லது. எங்களுடையது இப்போது மூன்றாவது வீட்டில் இருக்கிறது.

எந்த ஜிக்காலும் தடுக்க முடியாத பிழை ஒன்று உண்டு. இடதுபக்கம் பூட்ட வேண்டிய கதவுக்கு வலதுபக்கம் துளைப்பது. கதவை மேசையில் குப்புறப் போட்டதும் இடம் வலமாகிவிடும். ஆகவே துளைக்க முன் கதவை அலுமாரியோடு நிறுத்திப் பார்த்து, உட்புறத்தில் பென்சிலால் மேல், கீழ், பிணைச்சல் பக்கம் என்று தமிழிலேயே எழுதிவிடுங்கள். வீட்டில் இன்னொருவரைக் கூப்பிட்டுச் சரிபார்க்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அந்த வேலை மகளுடையது. இரண்டு தரம் காப்பாற்றியிருக்கிறாள்.

பிறகு கழிவுப் பலகையில் ஒரு குழி துளைத்து, பிணைச்சலை வைத்து, ஆழம் பார்த்து, அதன் பின்பே கதவைத் தொடுங்கள். ட்றில்லை மிதமான வேகத்தில் ஓட்டி, இடையிடையே தூக்கித் தூளை வெளியேற்றுங்கள். வாய் மூக்குக்குக் கவசம் அவசியம். பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள். 900 மில்லிமீற்றர் வரை உயரமான சாதாரணக் கதவுக்கு இரண்டு பிணைச்சல் போதும், 1600 வரை மூன்று, 2000 வரை நாலு. அலுமாரிப் பக்கத் தட்டின் ஆணித்துளைகள் முன்விளிம்பிலிருந்து 37 மில்லிமீற்றர் உள்ளே, ஒன்றுக்கொன்று 32 மில்லிமீற்றர் இடைவெளியில் வரும்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் துளைக்க முன் வீட்டுக்காரரிடம் எழுத்தில் கேளுங்கள். அநேகமாக அவரே திருத்தித் தருவார். இங்கிலாந்திலும் வேல்சிலும் 2007 ஏப்ரல் 6 முதல் பெரும்பாலான தனியார் வாடகைகளின் வைப்புப்பணம் அரசு அங்கீகரித்த திட்டமொன்றில் பாதுகாக்கப்பட வேண்டும். வெளியேறும்போது கதவைப் பற்றிப் பிரச்சினை எழுந்தால் அத்திட்டத்தினரிடம் முறையிடலாம். அப்போது உதவப்போவது நீங்கள் முதல்நாள் எடுத்து வைத்த புகைப்படமும், வீட்டுக்காரர் எழுதிய பதிலுமே.

கதவைப் பூட்டியதும் கோணலாக நின்றால் பயப்பட வேண்டாம். பிணைச்சலின் கையிலும் தட்டிலும் உள்ள திருகாணிகளில் ஒன்று கதவைப் பக்கவாட்டில் நகர்த்தும், ஒன்று உள்ளே வெளியே, இன்னொன்று மேலே கீழே. கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாமல், கதவை மூடி மூடிப் பாருங்கள். முகப்பரு வந்த எங்கள் கதவை வெட்டி அலுமாரிக்குள் தட்டாகப் போட்டுவிட்டோம். இப்போது அதன்மேல் சரக்குத்தூள் போத்தல்கள் நிற்கின்றன.