பிந்திய பட்டமும் கணக்குத் தொழிலும்

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி வாழும் குடும்பங்களில் இருபத்தேழு, இருபத்தெட்டு வயதிலே பட்டம் பெறுவோரைக் காண்பது அரிதன்று. இதனைச் சோம்பலின் விளைவு என்பது பெரும் அநீதி. 1990 ஆம் ஆண்டு போர் மீண்டும் மூண்டபோது கல்வி குலைந்தவர் பலர். 2004 டிசம்பர் 26 ஆம் நாள் கடல்கோளில் வீட்டோடு புத்தகங்களையும் இழந்தவர் பலர். பிற்காலத்தில் பெருந்தொற்று வந்தது. 2021 ஆம் ஆண்டுக்குரிய உயர்தரப் பரீட்சை 2022 பெப்ரவரியிலேதான் தொடங்கிற்று. அடுத்த ஆண்டுக்குரியது 2023 ஜனவரியில் நடந்தது. பெறுபேறும் பல்கலைக்கழக அனுமதியும் வரும்வரை காத்திருந்து, அதன்பின் நான்காண்டு கற்பவருக்கு வயது ஏறாமல் என்ன செய்யும்?

இவ்வாறு பிந்தியவர் வங்கியிலோ கணக்காய்விலோ நுழைய முடியுமா என்பது பெற்றோர் பலரின் கவலை. முடியும், ஆனால் எல்லா வாயிலும் ஒரே அகலமுடையன அல்ல.

அரச சேவையில் வயதெல்லை உண்டு. இலங்கைக் கணக்காளர் சேவைக்கான திறந்த போட்டிப் பரீட்சைக்கு வர்த்தமானியில் விதிக்கப்படும் வயதைத் தாண்டியவர் விண்ணப்பிக்க இயலாது. ஆகவே, பாடப் புத்தகத்தைத் திறக்குமுன் வர்த்தமானியைத் திறப்பதே அறிவுடைமை. ஏற்கெனவே அரச உத்தியோகத்தில் இருப்போருக்கென வரையறுக்கப்பட்ட போட்டிப் பரீட்சை தனியாக உண்டு. அங்கே சேவைக்காலமும் கணக்கில் கொள்ளப்படும்.

பட்டயக் கணக்காளர் வழி வேறு. 1959 ஆம் ஆண்டின் 23 ஆம் இலக்கச் சட்டத்தால் தோன்றிய பட்டயக் கணக்காளர் நிறுவகம் கேட்பது பரீட்சைத் தேர்ச்சியும் அங்கீகரிக்கப்பட்ட இடத்திலே பெறும் செய்முறைப் பயிற்சியுமாகும். கோணேசபுரியிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்திலோ வேறிடத்திலோ வணிகம் கற்றவர், தம் பட்டத்துக்கேற்பச் சில பாடங்களில் விலக்குக் கோரலாம். தடை, பெரும்பாலும், மனத்திலேதான். பாடசாலையை விட்டு நேரே வந்த இருபது வயது இளைஞன் பக்கத்து மேசையில் இருந்துகொண்டு பிழை திருத்தும்போது, இருபத்தெட்டு வயதுப் பட்டதாரிக்கு முகம் சுருங்கும். பயிற்சிக்காலத்தில் கிடைக்கும் படியும் சொற்பம். வீட்டில் தங்கையின் கலியாணம் காத்திருக்குமானால் அந்தச் சொற்பம் இன்னும் சிறுத்துவிடும். இதை முன்கூட்டியே வீட்டாரோடு பேசித் தீர்க்காதவர்களே பாதிவழியில் விட்டுப் போகின்றனர்.

எனினும், இத்துறைமுகத்து மனிதருக்கு ஒரு வசதி உண்டு. இங்கு மா ஆலைக்குக் கோதுமையும் சீமெந்து ஆலைக்கு மூலப்பொருளும் கப்பலில் வந்திறங்குகின்றன. சரக்குக் களஞ்சியத்திலோ சுங்க முகவரிடமோ சில ஆண்டு உழைத்தபின் பட்டம் பெற்றவருக்குக் கப்பற் சரக்குச் சீட்டும் சுங்கத் தீர்வையும் வெறும் பாடமல்ல. பத்து இலட்சம் டொலர் பெறுமதியான சரக்கு ஒன்றை எடுத்துக்கொள்க. 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் ஏறத்தாழ 200 ரூபா. அதன் விலை 20 கோடி. இரண்டு மாதம் கழித்துப் பணம் செலுத்தும்போது டொலர் 360 ரூபா அளவில் நின்றது. அதே சரக்கு 36 கோடி! சரக்கு ஒரு மணியும் கூடவில்லை. கட்டளையிடும் நாளுக்கும் பணம் செலுத்தும் நாளுக்கும் இடையே கிடக்கும் இந்த ஆபத்தை அளந்து சொல்வதே நிதித் தொழிலின் உயிர்நாடி. கப்பல் பிந்தினால் யார் யாருக்கு என்ன நட்டம் என்பதைக் கண்ணால் கண்டவர் இதனை விரைவிற் பற்றிக்கொள்வார். நேர்முகப் பரீட்சையில், “இத்தனை ஆண்டு என்ன செய்தீர்?” என்று கேட்கப்படும்போது மறைக்காமல் சொல்லத்தக்கது இவ்வனுபவமே.

அரச நியமனம் வரும்வரை வீட்டிலே இருப்போம் என்னும் எண்ணமும் இங்கு வேரூன்றியிருக்கிறது. ஓய்வூதியத்தின் மீதுள்ள பற்றே அதற்குக் காரணம். அது நியாயமான பற்றுத்தான். ஆனால் காத்திருக்கும் காலத்துக்கும் விலை உண்டு. தனியார் நிறுவனத்தில் மாதம் 60,000 ரூபா சம்பளம் பெறுபவருக்கு ஊழியர் சேமலாப நிதியில் அவர் பங்கு நூற்றுக்கு எட்டாக 4,800 ரூபாவும், முதலாளி பங்கு பன்னிரண்டாக 7,200 ரூபாவும் சேரும். இரண்டு ஆண்டு காத்திருப்பவர் வட்டி நீங்கலாக 2,88,000 ரூபாவை இந்நிதியில் மட்டும் இழக்கிறார்; சம்பளம் வேறு. வேலை செய்துகொண்டே அரச பரீட்சைக்கு விண்ணப்பிப்பதற்கும் தடையில்லை.