பெட்டி நகராத ஊர்

கானாவில் ஜனாதிபதிக்கும் எம்.பி.க்கும் ஒரே நாளில் ஓட்டு. 2008 டிசம்பர் 7 அன்று நான் தேமா துறைமுகத்துப் பக்கம் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். எனக்கு ஓட்டு கிடையாது. வேடிக்கை பார்க்க யார் தடை சொல்லப் போகிறார்கள்? விடிவதற்குள் பள்ளிக்கூட வாசலில் வரிசை. கல்லை வைத்து இடம் பிடித்துவிட்டு வீட்டில் தூங்கப் போனவர்களும் உண்டு.

ஆளுக்கு இரண்டு சீட்டு. கட்டைவிரலை மையில் ஒற்றி, பிடித்தவரின் கட்டத்தில் ரேகை பதித்து, தனித்தனிப் பெட்டியில் போட வேண்டும். யானைச் சின்னக்காரருக்கு ஜனாதிபதி ஓட்டு, குடைச் சின்னக்காரருக்கு எம்.பி. ஓட்டு என்று பிரித்துப் போட்டால் அதற்கு 'ஸ்கர்ட் அண்ட் பிளவுஸ்' என்று பெயர்.

மாலை ஐந்துக்கு மேல்தான் விசேஷம். பெட்டி எங்கேயும் போகாது. அங்கேயே மேஜையில் கொட்டி, அதிகாரி ஒவ்வொரு சீட்டாக விரித்துத் தூக்கிக் காட்டுவார். சுற்றி நிற்கும் கூட்டம் சத்தம் போட்டு எண்ணும். ரேகை கோட்டில் பட்டிருந்தால் போச்சு, செல்லுமா செல்லாதா என்று பத்துப் பேர் குரல் கொடுப்பார்கள். கடைசியில் கட்சி ஏஜென்டுகள் படிவத்தில் கையெழுத்துப் போட்டு நகல் வாங்கிக்கொள்வார்கள். எஃப்.எம். நிருபர் அதற்குள் போனில் எண்ணிக்கையைச் சொல்லி முடித்திருப்பார்.

அந்த முறை யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்கவில்லை. டிசம்பர் 28இல் இரண்டாம் சுற்று. அதிலும் இழுபறி, ஓட்டுப்பதிவு நடக்காமல் விட்டுப்போன டைன் என்ற ஒற்றைத் தொகுதிக்காக நாடே ஜனவரி 2 வரை காத்திருந்தது. எதிர்க்கட்சி வேட்பாளர் ஜான் அட்டா மில்ஸ் 40,586 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். ஆளுங்கட்சி முணுமுணுத்தது, ஆனால் நாற்காலியை விட்டு இறங்கியது. ஊர் அறிய எண்ணிய ஓட்டை மறுப்பது லேசில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

வம்பு வருவது படிவங்களைக் கூட்டும் இடத்தில். அங்கே கூட்டத்துக்கு அனுமதி இல்லை. 2020இல் டெச்சிமான் சவுத் தொகுதியில் அப்படியோர் இடத்தில்தான் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. மாறாக, 2024 ஜனாதிபதி தேர்தலில் ஆளுங்கட்சி வேட்பாளர் பவுமியா, தன் கட்சி கூட்டிய கணக்கைப் பார்த்துவிட்டு, தேர்தல் ஆணையம் அறிவிக்கும் முன்பே, ஓட்டுப்பதிவுக்கு மறுநாளே தோல்வியை ஒப்புக்கொண்டு எதிர்க்கட்சி வேட்பாளர் மகாமாவை வாழ்த்தினார். அதே தேர்தலில் அக்ராவின் அபிலெக்குமா நார்த் தொகுதிக்கோ, 19 வாக்குச்சாவடிகளில் மறுபடி ஓட்டுப்போட்டு எம்.பி. கிடைக்க 2025 ஜூலை ஆகிவிட்டது.