அக்கசாலைக்குள் வாருங்கள், சம்மட்டி ஓங்கியாயிற்று!

கி.மு. 300-ஐ ஒட்டிய காலம். எகிப்தின் அலெக்சாந்திரியா நகரில் தாலமி மன்னரின் அக்கசாலை. ஓரமாக நின்று பாருங்கள்! பட்டடையில் ஓர் அச்சு பதித்திருக்கிறது. அதன்மேல் வெள்ளி வில்லை. வில்லையின் தலையில் இன்னோர் அச்சு. ஓங்கி ஓர் அடி! கீழ்ப்பக்கம் மன்னரின் முகம், மேல்பக்கம் வச்சிராயுதத்தின் மீது நிற்கும் கழுகு. அடியை நேராக வாங்கும் மேலச்சு சீக்கிரம் தேய்ந்துவிடும். மன்னர் முகம் கீழே பத்திரம்!

அந்த முகத்தை அச்சில் வெட்டியவரை நினைத்தால்தான் எனக்குத் தலை சுற்றுகிறது. வலப்பக்கம் பார்க்க வேண்டிய முகத்தை இடப்பக்கம் பார்க்க வெட்ட வேண்டும். எடுப்பாக எழ வேண்டிய மூக்கைப் பள்ளமாகத் தோண்ட வேண்டும். இத்தனையும் மூன்று சென்டிமீட்டருக்குள்! ஆனாலும் தாலமியின் துருத்திய முகவாயும் குழிந்த கண்ணும் அப்படியே உயிரோடு வந்து நிற்கின்றன.

உயிரோடிருக்கும் மன்னர் நாணயத்தில் ஏறுவது அன்று சாதாரண விஷயமா? அலெக்சாந்தரின் புகழ்பெற்ற வெள்ளிக் காசில் முன்பக்கம் சிங்கத்தோல் போர்த்திய ஹெராக்ளிஸ், பின்பக்கம் அரியணையில் சீயஸ். கி.மு. 323-இல் அவர் இறந்த பிறகு, தளபதிகள் அவரையே தெய்வமாக்கிக் காசில் ஏற்றினார்கள். அந்தத் தளபதிகளுள் ஒருவரான தாலமி முதலில் அவருக்கு யானைத்தோல் தலையணி சூட்டினார். திரேஸ் மன்னர் லைசிமாக்கஸ் வைத்ததோ ஆட்டுக்கடாக் கொம்பு, அமோன் தெய்வத்தின் அடையாளம்! அந்தக் காசைத் திருப்பினால் இன்னொரு குறும்பு: ஏதெனாவின் உள்ளங்கையில் நிற்கும் வெற்றித் தேவதை, லைசிமாக்கஸின் பெயருக்கே மாலை சூட்டுகிறாள். இவர்களுள் தாலமிதான் துணிந்து, தலையில் அரசப்பட்டி கட்டிய தன் முகத்தையே பொறித்தார். மாசிடோனிய மன்னர் டெமெட்ரியஸும் எருதுக் கொம்போடு தன் காசில் தோன்றினார்.

முகத்துக்குப் பின்னால் கணக்கும் உண்டு. கிரேக்க உலகில் பரவலாகப் புழங்கிய நான்கு திராக்மா காசு சுமார் 17 கிராம். தாலமி தன் காசைப் படிப்படியாகச் சுமார் 14 கிராமுக்குக் குறைத்தார். எகிப்தில் அந்நியக் காசு செல்லாது என்றானதால், வணிகர் கனமான காசைக் கொடுத்து இலேசான காசை வாங்க வேண்டியிருந்தது. மன்னர் முகத்துக்கு இருந்த மதிப்பு அது!

எங்காவது அருங்காட்சியகத்தில் தாலமியின் வெள்ளிக் காசைக் கண்டால் கழுகிடம் மயங்கி நகர்ந்துவிடாதீர்கள். மன்னரின் காதுக்குப் பின்னே, சுருள்முடிக்கு நடுவில் தேடுங்கள். பல காசுகளில் அங்கே கடுகளவு முக்கோணமாக, கிரேக்க எழுத்து டெல்டா ஒளிந்திருக்கும். அது அச்சு வெட்டிய கலைஞரின் கையொப்பம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. உருப்பெருக்கிக் கண்ணாடியை மறக்காமல் எடுத்துப் போங்கள்.